பொண்டாட்டி எங்கே என்று கேட்ட கம்ப்யூட்டர்

அத்தியாயம் 6

கதைச்சித்தர் ஆருத்ரன் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினார். திறந்தால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த முகத்தில் மரியாதை இல்லை.

"இது கம்ப்யூட்டர் இல்லம்மா. என்னோட தவம். அண்ணாமலையார் போட்ட பிச்சை."

துப்பறியும் நிபுணர் அறிவுமதி கொட்டாவியை மறைக்கவில்லை. பக்கத்தில் இருந்த அவளுடைய உதவியாளன் கோபி மட்டும் பவ்யமாகத் தலையாட்டினான். அவன் தலையாட்டினால் வாயைத் திறக்கப்போகிறான் என்று அர்த்தம்.

"தவத்துக்கு சார்ஜர் எந்தப் பக்கம் சொருவணும் சாமி?"

"கோபி," என்றாள் அறிவுமதி. அதில் கண்டிப்பு கம்மியாகத்தான் இருந்தது.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, இத்தாலிய காபி விற்கும் கடைக்கும் ஒரு கெஸ்ட் ஹவுசுக்கும் நடுவில் இருந்தது அந்த 'கதை ஆசிரமம்'. காலையில் யோகா, மதியம் மௌனம், சாயங்காலம் கதை. வெள்ளைக்காரர்கள் மௌனத்துக்கு வந்தார்கள். சென்னை ஐ.டி.க்காரர்கள் கதைக்கு வந்தார்கள். தனக்குள் ஒரு நாவல் இருப்பதாக நம்பாத ஐ.டி.க்காரன் இன்னும் பிறக்கவில்லை என்பதால் ஆருத்ரனுக்குத் தொழில் நன்றாகவே நடந்தது.

நடக்க வைத்தது 'கதைத்துணை'. அடிப்படையில் அது எல்லோர் போனிலும் இருக்கும் ஏ.ஐ.தான். ஆனால் இதை யாரோ பொறுமையாக உட்கார்ந்து பழக்கியிருந்தார்கள். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், எந்தத் திருப்பத்தை ஏற்கக் கூடாது, கதை எந்த இடத்தில் புளுகுகிறது என்றெல்லாம் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். கதை எழுத வந்தவனை அது புகழாது, திட்டும். திட்டு வாங்கியவன் எழுந்துபோய் உருப்படியாக நாலு பக்கம் எழுதிவிட்டு வருவான்.

சென்னைக் கம்பெனி ஒன்று அதை வாங்க வந்திருந்தது. இன்று சாயங்காலம் கையெழுத்து. உருவாக்கியவர் என்று கையெழுத்துப் போடுபவர் பெயர் அதன்மேல் காலத்துக்கும் நிற்கும். அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றும் உரிமையும் அவருக்கே. ஆருத்ரன், நான்தான் உருவாக்கினேன் என்றார். அவரிடம் வேலை பார்த்துவிட்டு விலகிப் போன சந்திரகலா, நான்தான் என்றாள். கணக்கு ஆசிரமத்தின் பெயரில், பாஸ்வேர்டு இருவருக்குமே தெரியும். சண்டை தீரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று கம்பெனி உள்ளே இருக்கும் விதிகளைப் பூட்டிவிட்டது. இப்போது அதனிடம் பேச மட்டும்தான் முடியும். சந்திரகலா பொய்க்காரி என்று நிரூபிக்கத்தான் ஆருத்ரன் அறிவுமதியை வரவழைத்திருந்தார்.

"உள்ள என்ன விதி எழுதினீங்க?" என்று கேட்டாள் அறிவுமதி.

"ஞானத்த எழுதினேன்."

"ஒரு விதி சொல்லுங்க."

"ஞானத்த பிச்சிப் பிச்சி சொல்ல முடியாதும்மா." அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஒண்ணே ஒண்ணு. எந்தக் கதைய குடுத்தாலும் அது ஒரு கேள்வி கேக்கும், வர்றவங்களுக்கு சங்கடமா இருக்கு. கையெழுத்து ஆன உடனே மொதல் வேலையா அத எடுத்துடப் போறேன்."

"என்ன கேள்வி?"

"நீங்களே பாருங்க."

லேப்டாப்பைக் கோபி இழுத்துக்கொண்டான். ஆருத்ரன் சொல்லச் சொல்லத் தட்டினான். ஒரு சித்தர் வீட்டைத் துறந்து மலைக் குகையில் பன்னிரண்டு வருஷம் தவம் இருந்து ஞானம் பெறுகிறார். திரையில் உடனே பதில் வந்தது.

'பன்னெண்டு வருஷம் குகைல உக்காந்தானா? சரி. அவன் பொண்டாட்டி எங்க? அந்தப் பன்னெண்டு வருஷம் அவ இன்னா பண்ணா? அத சொல்லிட்டு ஞானத்துக்கு வா.'

"மேடம், எங்கம்மாவ யாரோ உள்ள வச்சி பூட்டிட்டாங்க," என்றான் கோபி. ஆசை விடவில்லை. ஒரு துப்பறியும் நிபுணரும் அவருடைய புத்திசாலி உதவியாளனும் என்று இன்னொரு கதையைத் தட்டினான்.

'உதவியாளன் புத்திசாலின்னு யாரு சொன்னது? அவனேவா? அப்போ மூணாம் பக்கத்துலயே அவன கொன்னுடு. கதை வேகமா போவும்.'

அறிவுமதி அன்று முதல்முறையாகச் சிரித்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கார்த்திகை தீபத்தன்று ஒரு காட்சி வேண்டும் என்று கேட்டாள். வந்தது. மலை உச்சியில் ஜோதி தெரிகிறது, கூட்டம் மொத்தமும் கையைத் தூக்குகிறது, 'அரோகரா! அரோகரா!' என்று கத்துகிறது. நல்ல எழுத்து. நெரிசலில் ஒருத்தி செருப்பைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடிக் குனிந்ததில் ஜோதியைப் பார்க்காமலே விட்டுவிடுகிறாள்.

அறிவுமதி இரண்டாம் முறை படித்தாள். அவளுடைய சிரிப்பு போய்விட்டது. வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு காட்சி கேட்டாள். கண்டக்டர் 'மலை, மலை, மலை, ஏறு ஏறு' என்று கூவினான். கோயில் வாசலில் ஒரு வடநாட்டுக்காரர் பூக்காரியிடம் சாமி பெயரைக் கேட்பதுபோல ஒரு காட்சி கேட்டாள். பூக்காரி 'எங்க ஊரு சாமிங்க' என்று சொல்லிவிட்டு ஒரு முழம் பூவை அவர் தலையில் கட்டினாள்.

கடைசியாக நேராகவே கேட்டாள். அந்தச் சாமியின் பெயர் என்ன?

'நம்ம கதையில அந்தப் பேர சொல்றதில்ல. சாமின்னா போதும்.'

ஆருத்ரன் எட்டிப் பார்த்தார். தன் ஆசிரமத்தில் தயாரான எந்தக் கதையையும் கடைசிவரை படிக்கும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் அவருக்கும் இது செய்திதான். ஆனாலும் தொழில்காரர், சுதாரித்துக்கொண்டார்.

"சித்தர் மரபும்மா. பரம்பொருளுக்கு ஏது பேரு?"

"நான் வந்ததுலேர்ந்து மூச்சுக்கு ஒரு தரம் அண்ணாமலையார்னு நீங்க சொல்றீங்களே."

"நான் சொல்லலாம்."

உள்ளேயிருந்து ஒரு பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள். இது யார் என்று ஆருத்ரன் சொல்லவில்லை. மேலே சுற்றும் ஃபேனை யாராவது அறிமுகம் செய்து வைப்பார்களா? கோபிதான் விசாரித்தான். பெயர் அன்புச்செல்வி, இவருடைய மனைவி.

"இந்த ஊருங்களாக்கா?"

"கீழ்பென்னாத்தூர் பக்கங்க. கட்டிக்கினு இங்க வந்து இருவது வருஷம் ஆவுது."

"நீங்களும் கதை எழுதுவீங்களா?"

"அவளா?" ஆருத்ரன் சிரித்தார். "அவளுக்கு காபி போட வரும். டம்ளர எடுத்துனு போ."

டம்ளர்கள் இன்னும் காலியாகவில்லை. அன்புச்செல்வி எடுக்காமலே உள்ளே போனாள்.

ஸ்கூட்டரில் சந்திரகலா குடியிருக்கும் வேங்கிக்காலுக்குப் போகும்போது கோபி பின்னாலிருந்து கத்தினான். "மேடம், நம்ம கட்சிக்காரர் ஒரு டுபாக்கூர். அத சொல்லிட்டு வூட்டுக்குப் போலாமா?"

"அவர் டுபாக்கூர்னா இவ உண்மைனு ஆயிடுமா?"

சந்திரகலா கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புது வீட்டு மனைகளுக்கு நடுவே ஒரு மாடியில் தனியாகக் குடியிருந்தாள். கதவைத் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "அண்ணாமலையார் மேல சத்தியமா நான்தாங்க பண்ணேன். ராத்திரி பகலா உக்காந்து பண்ணேன். அண்ணாமலையாரே வந்து சாட்சி சொல்லுவாரு."

"அவர் வர்றதுக்குள்ள ஒரு கேள்வி," என்றாள் அறிவுமதி. "தீபம் தெரிஞ்ச உடனே கூட்டம் என்ன சொல்லும்?"

"என்னங்க இது? அண்ணாமலையாருக்கு அரோகரான்னு சொல்லும்." அவள் இரண்டு கையையும் தூக்கியே காட்டினாள்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லயே. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அதான் இதுவே. நீங்களும் பண்ணல."

இனிப் பொய் செல்லாது என்று சந்திரகலாவுக்குத் தெரிந்துவிட்டது.  எரிச்சலாக, "அவரும் பண்ணலங்க. அவருக்கு டைப்பே வராது. யாருதுன்னே தெரியாம கெடந்துச்சு, நான் எடுத்துக்கிட்டா என்ன?" என்றாள்.

"கெடந்துச்சா? ஒருத்தர் மூளை தெருவுலயா கெடக்கும்? படிச்சிருக்கீங்களேன்னு பாக்கறேன். இல்லன்னா நல்லா கேட்டுட்டுப் போயிருப்பேன்," என்றாள் அறிவுமதி. அந்த வீட்டுத் தண்ணீரைக்கூட அவள் தொடவில்லை.

கீழே வந்ததும் கோபி ஸ்கூட்டர் சாவியைத் தரமாட்டேன் என்று பிடித்துக்கொண்டான். "சொன்னாதான் தருவேன். கல்யாணத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்னா மேடம் சம்பந்தம்?"

"ஒருத்தர் ஒரு பேர வாயால சொல்லவே மாட்டேங்கறாங்கன்னா என்ன காரணம்?"

"சண்டை போட்டிருக்கணும்."

"இல்ல. கட்டியிருக்கணும்."

கோபி யோசித்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, எங்க சித்தி! சித்தப்பா பேரு முருகன். பழனிக்குப் போயி மயில்மேல இருக்கறவரேன்னுதான் வேண்டிக்கும். ஒரு தரம் மைக் செட்டுல அர்ச்சனைக்குப் பேர் கேட்டாங்க. பக்கத்துல நின்ன என் தலைல தட்டி நீ சொல்லுடான்னுச்சு."

"அதேதான். அது பேசற தினுசப் பாத்தா, கதைத்துணைய வளர்த்தவங்க டைப் பண்ணல, வாயால பேசியே வளர்த்திருக்காங்க. ஆயிரம் பேச்சு பேசியிருக்காங்க, அந்தப் பேர் மட்டும் வாயில வரல. மெஷினுக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கிச்சு. இந்த ஊர்ல உக்காந்து இந்த ஊர் சாமி பேரையே சொல்லாத ஒரு எழுத்தாளர். அப்ப அவங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"

"மேடம், இந்த ஊர்ல தெருவுக்கு நாலு அண்ணாமலை இருக்கான்."

"நமக்கு ஒருத்தன் போதும்."

ஆசிரமம் இருக்கும் தெருமுனையில் ராமதாசின் டீக்கடை. அறிவுமதி டீயை வாங்கிக்கொண்டு, ஆருத்ரன் சாமியை ரொம்ப நாளாகத் தெரியுமா என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"யாரு, நம்ம அண்ணாமலையா?" ராமதாஸ் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "ஆருத்ரன்லாம் இப்பதாங்க, தாடி வளந்த பொறவு. முன்னாடி மனை வித்துனு இருந்தாரு. ஏரில பாதிய வித்துட்டாரு. மழை வந்து மாட்டிக்கினாரு. அப்புறமாதான் ஞானம் வந்துது."

கோபி கண்ணாடி கிளாசைக் கீழே வைத்தான். அவன் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. அறிவுமதிக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"மேடம்," என்றான் மெதுவாக, "அவரு சொல்லியும் அந்தக்கா டம்ளர எடுக்கல."

"கவனிச்சியா? பரவால்ல. மூணாம் பக்கத்துல உன்ன கொல்ல வேணாம்."

கையெழுத்து விழா ஒரு லாட்ஜின் மாடி ஹாலில். வாழை மரம் கட்டி, ஆருத்ரன் படத்தை ஆளுயரத்துக்கு வைத்திருந்தார்கள். படத்திலும் அவர் கண் மூடித்தான் இருந்தது. முதல் வரிசையில் சிஷ்யர்கள், நடுவில் அவர். மேடையில் கம்பெனியின் விமல்ராஜ், கழுத்தில் அடையாள அட்டை, முன்னால் லேப்டாப், மைக், ஒப்பந்தம்.

அன்புச்செல்வி கடைசி வரிசையில் சந்தனக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறிவுமதி போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"மத்தியானம் மௌனம் நடக்கும்போது, அவர் லேப்டாப்ல நீங்கதான் அதப் பழக்கினீங்க. சரிதானே?"

அன்புச்செல்வி திரும்பவில்லை. மேடையைப் பார்த்தபடியே பேசினாள். "கீழ அம்பது பேரு பேசாம உக்காந்திருப்பாங்க. எனக்குப் பேச யாரும் இல்ல. கதவ சாத்திக்கினு அதாண்ட பேசுவேன். அது மொதல்ல எத சொன்னாலும் அருமை, அற்புதம்னு சொல்லும். திட்டித் திட்டித்தான் வழிக்கு கொண்டாந்தேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயே. அவரு பேர்லயே போவட்டும், கதை நல்லா இருந்தா சரின்னு இருந்துட்டேன்." அவள் குரல் இறுகியது. "ஆனா அந்தக் கேள்விய எடுக்கப் போறேன்றாரு பாருங்க. அதாங்க தாங்கல. அது நான் அவர கேக்க வேண்டிய கேள்வி. என்னால கேக்க முடில. அதுக்கு சொல்லிக்குடுத்து கேக்க வச்சேன். அதயும் இன்னிக்கி வாய மூடப் போறாரு."

அறிவுமதிக்கு இரக்கம் வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை, கோபமாக மாற்றிக்கொண்டாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நீங்க ஆரம்பிங்க. எனக்கு கோவம் வந்தா வரேன்."

சந்திரகலா வரவேயில்லை. ஆருத்ரன் பேனாவை எடுக்கும் நேரத்தில் அறிவுமதி மேடை ஏறினாள். "உண்மையக் கண்டுபிடிக்கத்தான இவர் என்னைக் கூப்பிட்டாரு? கண்டுபிடிச்சிட்டேன். சந்திரகலா பொய் சொல்றாங்க." முதல் வரிசை கைதட்டியது. "இவரும் பொய் சொல்றாரு. பண்ணது இவரோட மனைவி."

கைதட்டல் பாதியில் நின்றது. ஆருத்ரன் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணையே திறந்துவிட்டார்.

"அவளா? இருவது வருஷம் கூட இருக்கறா, இன்னிய வரைக்கும் எம்பேர ஒரு தரம் வாயால சொன்னது கெடயாது. புருஷன் பேர சொல்லத் துப்பில்லாதவ, உலகத்துக்கே கதை சொல்லிக் குடுத்தாளா?"

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அறிவுமதி. "அதை எப்படி நிரூபிக்கிறதுன்னுதான் நானும் யோசிச்சிட்டு இருந்தேன்."

அவள் விமல்ராஜ் பக்கம் திரும்பினாள். "இவரோட சொந்தப் பேர் அண்ணாமலை. உங்க கதைத்துணையை அந்தப் பேரைச் சொல்ல வைங்க பாப்போம். சொல்லாது. பூட்டைத் திறந்து பாருங்க. வீட்டுக்காரர் பேரைச் சொல்லாதன்னு ஒரு விதி உள்ள இருக்கும். இல்லன்னா இந்தத் தொழில விட்டுட்டு நானும் தாடி வளக்கறேன்."

"கையெழுத்துக்கு முன்னாடி திறக்கக் கூடாதுன்னு லீகல்ல..." என்று ஆரம்பித்தார் விமல்ராஜ்.

"தப்பான ஆள் கையெழுத்துப் போட்ட பிறகு திறந்து பாத்து அழலாம்னு லீகல்ல சொன்னாங்களா?"

விமல்ராஜ் சென்னைக்குப் போன் போட்டார், தலையாட்டினார், திறந்தார். முதல் விதியிலேயே அவர் கண் நின்றுவிட்டது. மைக் திறந்திருப்பதை மறந்து அப்படியே படித்தார்.

"'எங்க வூட்டுக்காரரு பேரும் கோயில் சாமி பேரும் ஒண்ணு. அத நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத. நான் என்னிக்கி சொல்றேனோ அன்னிக்கி நீயும் சொல்லு.'"

 ஆசிரமத்தின் மதிய மௌனத்தில்கூட இத்தனை மௌனம் இருந்ததில்லை. ஆருத்ரன் சிஷ்யர்களைப் பார்த்தார். சிஷ்யர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அவ படிச்சதே தபால்லதாங்க," என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல்.

கடைசி வரிசையில் அன்புச்செல்வி சந்தனக் கிண்ணத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்து வந்து மேடை ஏறினாள்.

"மேடம்," விமல்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். "கையெழுத்து நீங்கதான் போடணும். ஆனா இந்த விதியோட வெளிய விட முடியாதுங்க. தீபத்தப் பத்தி யாராவது கதை கேட்டா என்ன பண்றது?"

"அந்தக் கேள்வி இருக்கும்ல?"

"எந்தக் கேள்வி?"

"பொண்டாட்டி எங்கன்னு கேக்குமே. அது."

"நீங்க எடுக்காம யாரும் எடுக்க முடியாதுங்க."

அவள் ஒப்பந்தத்தில் முழுப் பெயரை எழுதினாள். கதைத்துணைக்குக் கேட்கும்படி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இருபது வருஷப் பழக்கம் லேசில் விடவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கோபி கீழே நின்று, தானே சொல்லப் போவதுபோல வாயைத் திறந்துகொண்டிருந்தான்.

"அண்ணாமலை," என்றாள் அன்புச்செல்வி.

முதல் வரிசையில் கதைச்சித்தர் ஆருத்ரன் விருட்டென்று எழுந்து நின்றார். "இன்னாடி?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன்ன கூப்புடல," என்றாள் மைக்கில். "உக்காரு."

அவர் உட்கார்ந்தார்.